தேநீர் சிந்தாமல் திறந்த கத்தி

ஒரு கையில் தேநீர்க் குவளை, மற்றக் கையில் கத்தி. குவளையிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்த கனடா மாப்பிள்ளையை நினைத்தால் இன்றைக்கும் அந்தக் காட்சிதான் முதலில் வரும். போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலம் அது. வெளிநாடு போயிருந்த எங்கள் பெடியள் தீவுப் பக்கம் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். மண்கும்பானில் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு எல்லோரும் இருந்தோம். மாப்பிள்ளையின் தமக்கையின் சேலைக் கரையில் ஒரு நூல் இழுபட்டுத் தொங்கியது. "தம்பி, இதை ஒருக்கா வெட்டிவிடு" என்றார் தமக்கை. மாப்பிள்ளை வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு ஒரு பேனாக்கத்தியை எடுத்தார். பிடியை நாலு விரலுக்குள் தளர்வாக வைத்துக்கொண்டு, அலகின் அடியில் இருந்த சிறு குமிழைப் பெருவிரலால் ஒரு தள்ளு. டக்கென்று அலகு நிமிர்ந்து நின்றது. நூலை அறுத்தார், அலகைப் பிடித்திருந்த பூட்டைப் பெருவிரலால் நெரித்து, அலகின் முதுகைத் தொடையில் சாய்த்து மடித்துப் பைக்குள் போட்டார். இவ்வளவுக்கும் கண் கத்திப் பக்கம் போகவேயில்லை. கலியாணத் தரகர் சொன்ன பகிடிக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என்னை ஏமாற்றுவது லேசான காரியமல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தென்பகுதியில் ஒரு முதலாளியின் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டு, அது கலவரத்தில் எரிந்து சாம்பலான பின்னும் எழும்பி வந்து, ஊர்ச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்தவன். தராசு பிடிக்கிறவனின் சுண்டுவிரலைப் பார்த்தே அவன் மனத்தைச் சொல்லுவேன். நாங்கள் பேனாக்கத்தி திறந்தால் ஒரு கை பிடியில், மற்றக் கையின் நகம் அலகில். அவசரமென்றால் பல்லால் கடித்து இழுப்போம். ஒற்றைக் கையால், அதுவும் பாராமல் திறக்கிறவன் அதை எத்தனை ஆயிரம் தரம் திறந்திருக்க வேண்டும்? எதற்காக? கனடாவில் எங்கள் பெடியள் சிலர் கூட்டம் சேர்ந்து கத்தியும் கையுமாகத் திரிகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாப்பிள்ளை ஒரு பெரிய கடையில் மனேச்சர் என்று தரகர் சொல்லியிருந்தார். மனேச்சருக்கு என்னத்துக்குக் கத்தி?

"இவ்வளவு சோதனைச்சாவடியும் தாண்டி இதை எப்பிடித் தம்பி கொண்டு வந்தனீர்?" என்று கேட்டேன்.

"சொக்கிலேட்டுப் பெட்டிக்குள்ளை கிடந்தது ஐயா. ஆமிக்காரங்கள் சொக்கிலேட்டைத்தான் பார்த்தவங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுமொழியைத் தயாராக வைத்திருக்கிறவனை நான் நம்புவதில்லை. அவர்கள் போனதும் மனைவி தொடங்கினாள். "இஞ்சருங்கோ, ஒரு நூல் வெட்டினதுக்கு இந்த விசாரணையோ?"

"சண்டியனுக்குப் பிள்ளையைக் குடுத்துட்டு ஆரிட்டைப் போய் அழுகிறது?" என்றேன். மகள் குவளைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். எனக்கோ நெஞ்சு ஆறவில்லை. உள்ளூர் மருமகன் கை நீட்டினால் சைக்கிளில் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். கடல் தாண்டிப் போகிற பிள்ளை அழுதால் எனக்குக் கேட்கவா போகிறது?

அடுத்த நாள் காலையில் அவரைக் கடைக்குக் கூப்பிட்டேன். முந்தின நாள் வந்த பிஸ்கற் பெட்டிகளை வேண்டுமென்றே உடைக்காமல் வைத்திருந்தேன். "தம்பி, இதுகளை ஒருக்கா உடைச்சுத் தாரும்" என்றேன். சண்டியன் என்றால் குத்திக் கிழிப்பான் என்பது என் கணக்கு. அவர் இடது கையால் பெட்டியை அமத்திப் பிடித்தார். வலது பெருவிரல் தள்ள, அலகு வந்தது. நுனியை மட்டும் ஒட்டுத்தாளுக்குள் இறக்கி, தன் உடம்புக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தார். உள்ளே ஒரு பிஸ்கற் உறையிலும் கீறல் விழவில்லை. மூடியைத் தூக்குவதற்கு முன் கத்தி மடிந்துவிட்டது. பெட்டி வெறுமையானதும், நான் சொல்லாமலே, அடியைப் பிரித்துத் தட்டையாக்கிச் சுவரோடு சாத்தினார். அடுத்ததையும் அப்படியே. எனக்கு விளங்கிவிட்டது. இது ஆளை வெட்டின கை இல்லை. ஆனால் எந்த நாட்டிலும் மனேச்சர் வெறும் பெட்டியைத் தட்டையாக்கி அடுக்கமாட்டான்.

"நீர் மனேச்சரோ, பெட்டி உடைக்கிறவரோ?"

அவருடைய காது சிவந்துபோனது. "பெட்டி உடைக்கிறவன்தான் ஐயா. விடிஞ்சாப் பொழுதுபட்டாப் பெட்டிதான். மனேச்சர் எண்டது தரகற்றை கதை."

"அப்ப நேற்று ஏன் வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் வேலையைப் பற்றிக் கேட்கேல்லையே. கத்தியைப் பற்றித்தானே கேட்டனீங்கள்."

நானும் பெட்டி உடைத்து வளர்ந்தவன்தான். வேலையில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு பொய்யின் நிழலில் ஒதுங்கி நிற்கிறவன் நாளைக்கு வேறு எதன் நிழலில் நிற்பான்? வீட்டுக்குப் போய் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"எனக்கு நேற்றே தெரியும் அப்பா" என்றாள் அவள். "தேத்தண்ணி குடுக்கேக்கை பெருவிரலைப் பார்த்தனான். பக்கமெல்லாம் காய்ச்சுப்போய்க் கிடந்தது. மனேச்சற்றை விரலோ அது?"

"ஏனடி பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்கள் பெரிய ஆள்தானே, கண்டுபிடிக்கிறியளோ எண்டு பார்த்தனான்." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அவர் வந்து என்னட்டைத் தன்ரை வாயாலை சொல்லட்டும். சொன்னால் ஓம். சொல்லாட்டி விமானத்திலை தனியப் போகட்டும்."

வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். பின்னேரம் அவர் வந்தார். கிணற்றடியில் இருவரும் கதைத்தார்கள். நான் விறாந்தையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். காற்று எதிர்ப்பக்கமாக அடித்ததால் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் குனிந்த தலையோடு நெடுநேரம் பேசினார். மகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். திடீரென்று இரண்டு பேரும் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு கலியாணம் நிச்சயமாகிவிட்டது.

இப்போது அவர்களுக்குத் தோளுக்குமேல் வளர்ந்த பிள்ளைகள். மகளின் குரல் தொலைபேசியில் நன்றாகத்தான் இருக்கிறது. ஏதாவது ஒளிக்கிறாளோ என்று ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்பேன். தரகரின் பொய்யைப் பெட்டி உடைக்க வைத்தே பிடித்தவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன், அது உண்மைதானே. ஆனால் அன்றைக்குக் கிணற்றடியில் என்ன சொல்லிச் சிரித்தீர்கள் என்று கேட்டால், மருமகன் தொலைபேசியை மகளிடம் கொடுக்கிறார். மகள் பேரப்பிள்ளையிடம் கொடுக்கிறாள்.