எங்கள் கதவின் அடிநிறம்

அந்த வெள்ளைக்காரருக்குப் பச்சை நிறத்தில் மட்டும் ஆயிரம் சந்தேகம் இருந்தது. கொஸ்லந்தைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவை அப்போதுதான் ஹோட்டலாக்கியிருந்தார்கள். அங்கே ஒரு மாதம் தங்க வந்த மனிதர் மலையையும் பார்க்கவில்லை, அருவியையும் பார்க்கவில்லை. உள்ளங்கை நீளத்தில் பிளாஸ்டிக் இராணுவ லொறி ஒன்றைத் துண்டு துண்டாக ஒட்டிச் செய்து வைத்துக்கொண்டு விறாந்தையிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவருடைய தகப்பனார் இந்த மலைப்பாதையில் ஓட்டிய லொறியாம் அது. அதற்கு என்ன பெயின்ட் அடிப்பது என்றுதான் தெரியவில்லை. புத்தகம் ஒரு பச்சையைச் சொன்னது, வண்ண அட்டை இன்னொரு பச்சையைச் சொன்னது. கையிலிருந்த படமோ கறுப்பு வெள்ளை.

இதெல்லாம் மாமா வந்து சொன்னது. அம்மாவின் தம்பியான அவர் அந்த ஹோட்டலில் மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையில் இருந்தார். வெள்ளைக்காரர் மனது வைத்தால் லண்டனுக்கே போய்விடலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை. அதனால் அந்தப் பச்சைக் கவலையில் பாதியைத் தானும் வாங்கிக்கொண்டு, சோறு இறங்காமல் திரிந்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. வாயைத் திறந்தவள் நான்தான். யுத்தம் முடிந்து போன பட்டாளம் விட்டுச்சென்ற பெயின்டைத்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கதவுகளுக்கு முதன்முதலில் அடித்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மற்ற வீடுகளில் கதவு உளுத்துப்போய்த் தகரம் வந்துவிட்டது. எங்களுடையது மட்டும் பலாமரம் என்பதால் நின்றது. தீபாவளிக்குத் தீபாவளி அப்பா, ஃபெக்டரியில் மிஞ்சியது எதுவோ அதை அதன்மேல் பூசுவார். கதவோரத்தை நகத்தால் உரித்து உரித்து, எந்த நிறத்துக்குக் கீழே எந்த நிறம் என்று எனக்கு மனப்பாடம். எங்கள் கதவிலேயே இருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன்.

மறுநாளே அவரை அழைத்து வந்துவிட்டார் மாமா. வெள்ளைக்காரர் வாசலில் முழங்காலிட்டு, சின்னக் கத்தியால் கதவின் கீழ்மூலையில் வெற்றிலை அளவுக்குச் சுரண்டினார். நீலம் வந்தது, சிவப்பு வந்தது, மறுபடியும் நீலம். எது எந்தத் தீபாவளி என்று நான் சொல்லச் சொல்ல, மாமா அதைத் தன் ஹோட்டல் இங்கிலீஷில் சொன்னார். கடைசியில் மரத்தோடு ஒட்டியிருந்தது பச்சையே இல்லை. காய்ந்த சாணியைப் போல் ஒரு மங்கல் பழுப்பு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரோ தன் அட்டையை அதன் பக்கத்தில் வைத்து, வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பார்த்தார். இதுதான் என்று தலையாட்டினார், கண் கலங்கிவிட்டது. உரிந்த துணுக்கு ஒன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். திட்டித் தீர்க்க ஆள் தேடி எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன், அவர் அகப்படவே மாட்டேன் என்கிறார்.

கேட்காததைக் கொடுத்தவர், தோட்டத்தை நடத்தும் துரை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். சுவரில் ஆணி அடிக்கக்கூட நாங்கள் ஆபீசில் கேட்க வேண்டும். யுத்தகாலத்துக் கதவு என்று ஹோட்டல் சுவரில் மாட்டினால் வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று துரைக்குத் தோன்றிவிட்டது. ஆட்கள் வந்து பிணைச்சலைக் கழற்றிக் கதவைத் தூக்கினார்கள். மலையில் வேலையாக இருந்த அப்பா ஓடி வந்தார். துரை ஜீப்பில் இருந்தார். அப்பா தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்.

“வயசுக்கு வந்த புள்ள இருக்கிற வூடுங்க தொர.”

அக்காவைச் சொன்னார். அவள் பெரியவளாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கு ஒரே அறை, ஒரே வாசல். ஒரு கிழமையில் புதுக் கதவு வரும் என்றார் துரை.

“தொரயே சொல்லிட்டாருல்ல மச்சான்,” என்றார் மாமா, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

கொழுந்தெடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்கை அம்மா வாசலில் தொங்கவிட்டாள். அக்கா உடுப்பு மாற்றும்போதெல்லாம் அம்மா வெளியே நின்று அதை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். அப்பா கிழமைதோறும் ஆபீசுக்குப் போனார், எழுதியாயிற்று என்றார்கள். எங்கள் கதவு கண்ணாடிக்குள் இருப்பதாகவும், காலையில் அதைத் துடைப்பது தான்தான் என்றும் மாமா சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

காற்றுக்காலத்தில் ஒரு மத்தியானம் அம்மா வேலையிலிருந்து வந்தபோது, படங்கு அறுந்து வாசலில் கிடந்தது. அக்கா அடுப்பு மூலையில் கத்தியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எவனோ உள்ளே வந்திருக்கிறான். கத்தியைக் கண்டு ஓடியிருக்கிறான். யார் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த கிழமையே பள்ளிக்கூடத்தை நிறுத்தி, அவளைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். கதவு வந்ததும் கூட்டிக்கொள்வோம் என்றாள் அம்மா. மாடி வீடாம், டிவி இருக்கிறதாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. பஸ் ஏறப்போனவளிடம், அந்த வீட்டுக் கதவு என்ன கலர் என்று பார்த்து எழுதச் சொன்னேன்.

மறக்காமல் எழுதியிருந்தாள்.

“கதவு காப்பிக் கலர். பெரிய பூட்டு. அவங்க வெளிய போறப்ப, என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் போவாங்க.”

அக்காவுக்கு ஒரு நல்ல கதவு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், அந்த வரியை அம்மாவுக்கு இரண்டு தரம் உரக்கப் படித்துக் காட்டினேன்.