டார்லிங் ஆற்றுக்குப் போகும் மண்சாலை

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் இருக்கும் எங்கள் பர்க் ஊரில் மண்சாலைகளைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியை ஓட்டுபவர் கிளைவ் ஹன்ராஹன். மனைவி பிரிந்துபோனபின், பதினைந்து வயது மகள் டாம்சின் எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, கடலோர நியூகாசிலில் அம்மாவோடு இருக்கிறாள். ஏப்ரல் விடுமுறைக்கு அவளை டார்லிங் ஆற்றுக்குக் கூட்டிப்போய், நான்கு நாள் கரையில் தங்கி மீன்பிடிக்க வேண்டும் என்று பிப்ரவரியிலேயே ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டார். ஞாயிறுதோறும் போனில் அதே பேச்சுதான்.

“கூடாரமெல்லாம் வேணாம்ப்பா. வெறும் படுக்கை போதும்.”

“எறும்பு கடிச்சா அம்மாவக் கூப்பிடக் கூடாது.”

“நீ விடுற குறட்டைக்கு எறும்பே ஓடிரும்.”

அவள் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் கனமழை கொட்டி, கரிசல் மண் குழைந்துபோனது. ஆற்றுக்குப் போகும் வழியில் ‘சாலை மூடப்பட்டது’ என்ற பலகையை நடுவது கிளைவின் வேலை. நட்டுவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே அவளுக்குப் போன் செய்தார்.

“ரோட்ட மூடிட்டாங்களா? யாருப்பா மூடினது?”

“நான்தான்டி.”

அவள் சிரித்தாள். அந்த விடுமுறைக்கு அவள் வரவில்லை.

மே மாதம் மண் காய்ந்ததும் அந்த வழியைத்தான் முதலில் சமப்படுத்தினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆற்றில் தூண்டில் போட்டார். முழ நீளத்துக்கு மஞ்சள் வயிற்று மீன் ஒன்று சிக்கியது. அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். அங்கே சிக்னல் கிடையாது. ஊர் திரும்பியதும் அவளிடம் சொன்னார்.

“விட்டுட்டியா? பைத்தியமாப்பா உனக்கு?”

“தனியாத் திங்கப் பிடிக்கல.”

“செப்டம்பர்ல வரேன். மழை பெஞ்சாலும் வருவேன்.”

செப்டம்பருக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அவர் அன்றைக்கே கடைக்குப் போய், அவளுக்கென்று புதுத் தூண்டில் ஒன்று வாங்கிவந்தார்.