எதிர்க்கரை மண்

என் கணவருக்கு ஊர் வைத்த பெயர் முதலை. வாரமெல்லாம் லேத் பட்டறையில் இரும்பு கடைவார். ஞாயிறு விடிந்தால் ஆற்றில் இறங்கிவிடுவார். கல்யாணமான புதிதில், விடுமுறைக்கு எங்காவது கூட்டிப்போவார் என்று நல்ல சேலையாக எடுத்து வைத்த முட்டாள் நான். கூட்டித்தான் போனார், ஆற்றுக்கு. கையில் ஒரு கோணிப்பையையும் கொடுத்தார்.

அப்போது அது ஆறாகவே இல்லை. மணலைச் சுரண்டிய குழிகளில் சாக்கடை நின்றது. வீடு இடித்தவர்கள் எல்லாரும் கல்லையும் காரையையும் அங்கேதான் கொட்டினார்கள். இவர் தனி ஆளாக டயரையும் நைந்த மெத்தையையும் இழுத்துப் போடுவதைப் பார்த்துச் சிரித்தவர்களில் என் அண்ணனும் ஒருவர். அவர் வீடு எதிர்க்கரையில். "மாப்பிள்ளை, அப்படியே எங்க பக்கமும் பெருக்கிட்டுப் போங்க!" என்று மாடியிலிருந்து கத்துவார். இவர் தலையைக்கூட நிமிர்த்தமாட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர் இவரோடு வந்து சேர்ந்தார். அவர் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். குப்பை குறைந்தது, தண்ணீர் நகர்ந்தது. எங்கள் பக்கத்துத் தாழ்ந்த நிலத்தில் மரக்கன்றுகள் நட்டார்கள். வெள்ளம் அவற்றைக் கொண்டுபோகக் கூடாதென்று, கொட்டிக்கிடந்த கற்களையே பொறுக்கி, ஆறு வளையும் இடத்தில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் எந்திரத்துக்கு நேர் மேலே அதை ஒட்டிவைத்தார்.

இந்த மழையில் ஆறு பாலத்தின் மேல் ஏறிவிட்டது. காலையில் அண்ணி போனில் அழுதாள். "பின்னாடி மண்ணு கட்டிகட்டியா விழுதும்மா. உங்க அண்ணன் வெளிய வரமாட்டேங்கிறாரு. கட்டின வீட்டை விட்டுட்டு எங்க போறதுங்கிறாரு."

நாங்கள் கரைக்கு ஓடினோம். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் ஒருபோதும் மண் சரிந்ததில்லை. இவர் ஒரு பலகைத் துண்டை எடுத்துத் தண்ணீரில் வீசினார். அது நேராகப் போய்ச் சுவரில் மோதித் திரும்பி, குறுக்கே பாய்ந்து, அண்ணன் வீட்டுப் பின்பக்கத்தில் போய் இடித்தது. இன்னொன்றை வீசினார். அதுவும் அங்கேயே போனது.

"நாமதான் தண்ணியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கோம்," என்றார்.

"அதுக்காக?" என்றார் கொத்தனார். "சுவரை இடிச்சா இந்தப் பக்கம் ஒரு கன்னு மிஞ்சாது. எத்தனை வருஷத்துப் பாடு! என் கையால கட்டினதை நான் இடிக்கமாட்டேன்."

"உள்ள இருக்கிறது எங்க அண்ணன்யா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

இவர் தன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கடப்பாரையோடு சுவரில் ஏறினார். கண்மண் தெரியாமல் குத்தினார். ஒரு கல்லும் அசையவில்லை. கொத்தனார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அங்க குத்தினா பொழுதுக்கும் குத்த வேண்டியதுதான்! அடிக்கல்லை நெம்புய்யா!" என்று திட்டியபடி தானும் ஒரு கடப்பாரையோடு இறங்கினார்.

சுவர் வாய் பிளந்தது. கொத்தனார் எகிறிக் கரையில் விழுந்தார்; இவரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டது. கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. விடவில்லை. கொத்தனாரும் வந்து பிடித்து, இருவருமாக இழுத்துப் போட்டோம். செம்மண் நிறத் தண்ணீர் கன்றுகளின் மேல் படுத்துக்கொண்டது. எதிரே அண்ணனின் சமையலறை எங்கள் கண்ணெதிரே சரிந்து ஆற்றில் விழுந்தது. நான் அலறினேன். அதோடு அந்தப் பக்கத்து வேகம் அடங்கியது. வீடு நின்றது. மாடியில் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள்.

வெள்ளம் வடிந்ததும் அண்ணன் வந்தார். எங்கள் வாசலில் தெருவே கூடியிருந்தது. இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இவர் மட்டும் இல்லேன்னா என் வீடு மொத்தமும் போயிருக்கும். இத்தனை நாள் இவரைக் கேலி பண்ணேனே!" என்றார். அண்ணன் கண்கலங்கி நான் பார்த்ததேயில்லை. இவர் சும்மா தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் பிறந்தவீட்டில் இவருக்கு இப்படி ஒரு மரியாதை இனி எப்போது கிடைக்கும்?

"மச்சான், அந்தச் சுவர்தான் உங்க மண்ணை அரிச்சது. கட்டினது நாங்க. உங்க சமையலறை போனது என்னாலதான்."

அண்ணன் கையை விட்டுவிட்டார். முகம் கறுத்தது. அடித்துவிடுவாரோ என்று நான் முன்னால் ஓடினேன்.

"மழை இன்னும் முடியல," என்றார் அண்ணன் கடைசியில். "மிச்சச் சுவரை எப்ப இடிக்கிறீங்க?"

"நாளைக்குக் காலையில."

"நானும் வரேன்," என்று சொல்லிவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.