பின்னலா, அவிழ்ப்பா?

எங்கள் லேஅவுட்டில் பின்னல் கோலாட்டம் சொல்லித்தருகிறேன் என்று யாரிடமாவது சொன்னால், "எந்த டிவிக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்த டிவிக்கும் இல்லை. எங்களுக்கு ஆடத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். இதற்கு மேல் காரணம் கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

நான் தெற்கே இருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவள். வண்டி பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. கோலாட்டம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் பிரம்பும் கையுமாக நின்று கற்றுக்கொடுத்தது, அதனால் மறக்கவில்லை. ஒரு கம்பத்தின் உச்சியில் வண்ணக் கயிறுகளைக் கட்டி, ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொள்வோம். பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும், எதிரே வருகிறவரை உள்ளும் வெளியுமாகத் தாண்டிக் கோலடித்துச் சுற்றினால் மேலே சடை விழும். பிறகு வந்த வழியே திரும்பி ஆடி அந்தச் சடையை அவிழ்க்கவேண்டும். "பின்னுறது யாருக்கும் வரும்டி. அவுக்குறதுலதான் ஆளு தெரியும்" என்பார் டீச்சர்.

இங்கே என்னோடு ஆட வந்தவர்களில் மதுரைக்காரிகள் உண்டு, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு. கர்நாடக எல்லையோரம் இருக்கிற பாகலூரிலிருந்து வருகிற ஒருத்திக்கு வாயைத் திறந்தால் கன்னடமும் தமிழும் சேர்ந்தே வரும். நான் தமிழில் ஒரு அடி பாடினால் அவள் அதே மெட்டில் கன்னடத்தில் ஒரு அடி போடுவாள். ஆட்டத்துக்கு மொழி இடைஞ்சலே இல்லை. இடைஞ்சல் ஷிப்டுதான். ஆள் இரட்டைப்படையாக இருந்தால்தான் சடை விழும். ஒருத்திக்குக் கம்பெனி பஸ் வந்துவிட்டால் எல்லாருடைய ஆட்டமும் போச்சு.

அதற்கும் வழி கண்டுபிடித்தோம். கம்பெனியில் ஒருத்தி டீ குடிக்கப் போனால், பாகங்கள் ஓடுகிற லைன் நிற்காது. மாற்றாளாக ஒரு ரிலீவர் பின்னால் வந்து தோளைத் தட்டுவாள். இவள் நகர்ந்ததும் அவள் நின்றுகொள்வாள். கோலாட்டத்திலும் அப்படியே செய்தோம். பஸ் வந்தவள் கயிற்றைக் கொடுத்துவிட்டு ஓடுவாள், ஷிப்டு முடிந்து வந்து தோளைத் தட்டியவள் ஆடுவாள். இப்படியொரு ஏற்பாட்டை எங்கள் டீச்சர்கூட யோசித்திருக்கமாட்டார் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்.

இடம்தான் இல்லை. மொட்டைமாடியில் ஆடினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், தெருவில் ஆடினால் மழை வந்தது. லேஅவுட் சங்கத்துக்கு ஒரு ஹால் இருக்கிறது. கேட்டதற்குச் செயலாளர் சொன்னார்: "ஜூம்பா கிளாஸுக்கும் ஹாலைக் கேக்குறாங்க மேடம். பொங்கல் விழாவுல ஆடிக் காட்டுங்க. நல்லா இருந்தா ஞாயித்துக்கிழமை ஹால் உங்களுக்கு. இல்லன்னா அவங்களுக்கு."

"சாவியைத் தயாரா எடுத்து வைங்க சார்" என்றேன்.

விழா மைதானத்தில் நான் ஓரமாக நின்று பாட, சடை அழகாக விழுந்தது. கூட்டம் கைதட்டியது. அவிழ்க்கத் திரும்புகிற நேரம் பார்த்து கேட்டில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. ஒருத்தி கயிற்றைக் கொடுத்துவிட்டு ஓடினாள். தோளைத் தட்டி வாங்கியவள் தெலுங்குக்காரப் பெண், நன்றாக ஆடுகிறவள்தான். ஆனால் லைனில் யாரும் பாதிப் பீஸை ரிலீவர் கையில் கொடுப்பதில்லை. கையில் இருப்பதை முடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். வருகிறவள் புதுப் பீஸை முதலிலிருந்து தொடங்குவாள். அந்தப் பழக்கத்தில் இவளும் முதலிலிருந்து தொடங்கினாள். எல்லாரும் அவிழ்க்க, இவள் ஒருத்தி மட்டும் பின்னிக்கொண்டு போனாள்.

மேலே முடிச்சு விழுந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். செயலாளர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கயிற்றைப் பிடுங்கலாமா என்று கோபம் வந்தது.

அதற்குள் பாகலூர்க்காரி தன் கன்னடமும் தமிழுமாகக் குரல் கொடுத்தாள். "லைன் ஸ்டாப். எல்லாரும் நில்லி. யாரும் கயித்த விடாதீங்க."

கம்பெனியில் அந்தச் சொல்லைக் கேட்டால் எந்தக் கையும் அசையாது. இங்கேயும் அசையவில்லை. நான் கிட்டே போனேன். அவள் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க பாடுங்க. பாட்டு நின்னாத்தான் தப்பு தெரியும்" என்றாள்.

பாடினேன். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே தாளத்துக்குக் கோலடித்தார்கள். அவள் மேலே பார்த்தபடி, "எல்லாரும் பின்னாடி வாங்க... நீ உள்ள போம்மா... இப்ப வெளிய" என்று ஒவ்வொரு எட்டாக, தப்பு தொடங்கிய இடம்வரை எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாள். தெலுங்குக்காரப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிச்சு நெகிழ்ந்தது. அங்கிருந்து எல்லாரும் ஒன்றாகத் திரும்பினார்கள். கயிறுகள் தனித்தனியாகத் தொங்கியபோது மைதானமே எழுந்து நின்றது.

"நடுவுல தப்பாயிடுச்சே மேடம்" என்றார் செயலாளர்.

"ஆச்சு. அவுத்துட்டோம்ல சார்?"

அவர் சாவியைக் கொடுத்தார்.

அதன்பிறகு ஒரு சட்டம் போட்டோம். தோளைத் தட்டுகிறவள் முதலில் கேட்கவேண்டும்: பின்னலா, அவிழ்ப்பா? பதில் வந்தபிறகுதான் கயிறு கை மாறும்.

போன ஞாயிறு எனக்கு ஓவர்டைம். நான் இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்து அரக்கப்பரக்க ஓடிவந்தால், ஹாலில் ஆட்டம் பாதி முடிந்திருந்தது. கன்னடத்தில் பாட்டு, தமிழில் எதிர்ப்பாட்டு. நான் பார்த்தே இராத இரண்டு புது முகங்கள் வட்டத்தில் இருந்தன. எனக்குக் கால் நிற்கவில்லை. தெலுங்குக்காரப் பெண்ணின் பின்னால் போய்த் தோளைத் தட்டிக் கயிற்றுக்குக் கை நீட்டினேன்.

அவள் தரவில்லை. ஆடிக்கொண்டே, "கேக்காம எப்படிக்கா தர்றது?" என்றாள்.

வட்டமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு கேட்டேன்: "பின்னலா, அவிழ்ப்பா?"

"அவிழ்ப்பு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கொடுத்தாள்.