கழிவு நண்டு

பனிச்சங்கேணியில் நான் நண்டு வாங்கி விற்கிறவன். இரண்டு கொடுக்கும் முழுதாக இருக்கிற நண்டு லொறியேறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும். ஒரு கொடுக்கு உடைந்தாலும், சதை இல்லாமல் மெலிந்தாலும் அது கழிவு. எங்கள் ஊர்ச் சட்டிகளில் கொதிப்பதெல்லாம் கழிவுதான். கலியாணம் முடித்து பன்னிரண்டு வருசம், என் மனைவி ஒரு முழு நண்டு ஆக்கியதில்லை. எனக்கும் அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

கொரோனா வந்து லொறி நின்றது. அடுத்த நாள் காலையில், எனக்கு நண்டு பிடித்துத் தருகிற அண்ணன் வாசலில் வந்து நின்றார். அவருக்கு வேறு தொழில் கிடையாது, வீட்டில் மூன்று பிள்ளைகள்.

“தம்பி, நாளைக்கு நண்டுக்கூடு வைக்கிறதா, விடுறதா?”

“வையுங்க அண்ணன். நான் எடுக்கிறன்” என்றேன். வாய்தான் சொன்னது. எங்கே விற்பது என்று ஒரு மண்ணும் தெரியாது.

ஊரடங்குப் பாஸ் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கழிவு விலைதான் சொன்னேன். முதல் வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

“இது வெளிநாட்டுக்குப் போற நண்டெல்லோ மனே? அவங்களே வேணாமெண்டா இதில என்னவோ இரிக்கு. கழிவு இரிந்தாத் தா.”

மத்தியானம் வரை எல்லா வாசலிலும் இதே கதை. வெயிலில் நண்டுகள் சோர்ந்துகொண்டிருந்தன. அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன்? ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு கொடுக்கை என் கையாலேயே உடைத்தேன். பின்னேரத்துக்குள் பெட்டி காலி.

உடைத்த கொடுக்குகளைப் பையோடு மனைவியிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, பையைப் பிரித்துப் பார்த்தாள்.

“நல்ல நண்ட உடைச்சாத்தானா நாம தின்னலாம்? நாளைக்கு நாலஞ்சு முழுசாத் தாங்க.”

மறுநாள் ஆக்கி, கிண்ணம் கிண்ணமாக அக்கம்பக்கத்து வேலிகளில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். தின்று பார்த்தவர்கள் முழு நண்டே கேட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஒரு கொடுக்கும் உடைக்கவில்லை. அண்ணன் ஒரு நாளும் கூடு வைக்காமல் இருக்கவில்லை. அவர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. முப்பது வருசமாக நண்டு பிடிக்கிற மனிதர், “இவ்வளவு சதையா இதுக்குள்ள!” என்றாராம்.

இப்போது லொறி வருகிறது. கிழமைக்கு இரண்டு நண்டை ஒதுக்கி வைக்கிறேன், ஒன்று அண்ணன் வீட்டுக்கு, ஒன்று எங்களுக்கு. போன கிழமை லொறிக்காரர் அவற்றைத் தூக்கிப் பார்த்தார்.

“இதுக்கு என்ன? ரெண்டு கொடுக்கும் இருக்கே.”

“வையுங்க” என்றேன். “அது நம்மட கழிவு.”