எந்த மானுக்கு எந்தத் தோட்டா

மானைச் சுட எந்த கேலிபர் நல்லது என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால் சுள்ளென்று கோபம் வந்துவிடும். பதில் தெரியாததால் இல்லை. அந்தப் பதிலை நான் ஒருத்தனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் என்னை நம்பவைத்துக் கழுத்தை அறுத்தான். வேற்றாள் இல்லை, என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அபுதாபியில் வேட்டைத் துப்பாக்கி விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். ராமநாதபுரம் பக்கத்து ஆளுக்குத் துப்பாக்கியோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் கிடையாது. ஊரில் நான் பார்த்த துப்பாக்கியெல்லாம் தேர்தல் அன்று பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீ மட்டும்தான். கண்ணாடி அலமாரிகளைத் துடைக்கும் வேலைக்குத்தான் கடையில் சேர்ந்தேன். துடைக்கத் துடைக்க ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு கவுன்ட்டருக்கு வந்தேன்.

கேலிபர் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குண்டின் பருமன், அவ்வளவுதான். அதைத்தான் அங்குலத்தின் பின்னமாக எண்ணில் போட்டிருப்பார்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் போலீஸ் பர்மிட்டோடு துப்பாக்கி வாங்கிக்கொண்டு ஐரோப்பாவுக்கு மான் வேட்டைக்குப் போகிறவர்கள். நம் வெள்ளாட்டு உயரத்தில் ஒரு மான் இருக்கிறது, அதற்கு 243 போதும். புள்ளி போட்ட நடுத்தர மானுக்கு 270 அல்லது 308. செம்மான் என்று ஒன்று, கொம்பும் பிடரியுமாகக் குதிரை மாதிரி நிற்கும். அதற்கு 30-06 கொடுப்பேன். இளவட்டங்கள் வந்தால் எடுத்த எடுப்பிலேயே மருந்து கூடுதலாக அடைத்த மாக்னம்தான் வேண்டும் என்பார்கள். அதை வைத்துச் சின்ன மானைச் சுட்டால் கறி கந்தலாகிப்போகும் என்று சொல்லித் தடுப்பேன். சின்னத் தோட்டாவால் பெரிய மானைச் சுடுவது அதைவிடப் பாவம். அது சாகாமல் குடலைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. 308-க்கும் 30-06-க்கும் குண்டு ஒரே பருமன். பின்னால் மருந்து அடைத்த பித்தளைக் குப்பி மட்டும் 308-க்குக் கொஞ்சம் குட்டை. அதனால் 30-06 துப்பாக்கிக்குள் 308 தோட்டா போய் உட்கார்ந்துகொள்ளும். வெடிக்கவும் வெடிக்கும். ஆனால் குண்டு சொன்ன இடத்துக்குப் போகாது, குப்பியின் வாய் வீங்கிவிடும். இந்த இரண்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்பது கடையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

அர்பாப், அதாவது எங்கள் முதலாளி, மாடியில் புது ஷோரூம் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு என்னைப் பொறுப்பாகப் போடுவதாகவும், தங்க ஃப்ளாட்டும் ஃபேமிலி விசாவும் தருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மனைவியும் விடுமுறைக்கு விடுமுறை வாழ்ந்தவர்கள். மகளுக்கு என்னைவிட என் போட்டோதான் பழக்கம். மகளுக்கு டி.சி. வேண்டும் என்று மனைவி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தாயிற்று, எந்தக் குக்கரைக் கொண்டுவருவது என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் சண்டை போட்டாயிற்று. அந்த விசா மட்டும் வந்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தேன்.

நான் மாடிக்குப் போனால் கீழே கவுன்ட்டருக்கு ஓர் ஆள் வேண்டும். மனைவி தன் தம்பிக்காகக் கேட்டாள். என்னைவிடச் சில மாதம்தான் இளையவன். அபுதாபிக்கு வெளியே முசாஃபாவில் கட்டட வேலை பார்த்து, வெயிலில் கருவாடாகக் கிடந்தான். அர்பாபின் காலைக் கையைப் பிடித்து அவனைக் கடையில் சேர்த்தேன். வாய் சாமர்த்தியம் உள்ளவன். வந்த வேகத்தில் என்னைவிட நன்றாக அரபி பேசினான். அவனிடம் ஒரே ஒரு கோளாறு. கட்டட சைட்டில் எல்லாமே நிறம்தான். மஞ்சள் ஹெல்மெட் லேபர், வெள்ளை ஹெல்மெட் இன்ஜினியர், பைப்புக்கு ஒரு நிறம், சிலிண்டருக்கு ஒரு நிறம். அந்தப் பழக்கத்தில் தோட்டாவையும் அட்டைப்பெட்டி நிறத்தை வைத்தே எடுப்பான். பச்சை என்றால் 30-06, சிவப்பு என்றால் 308.

"மாப்ள, பெட்டிய நம்பாத. கம்பெனிக்காரன் என்னிக்கு வேணும்னாலும் நிறத்த மாத்துவான். ஒரு தோட்டாவ எடுத்து அடிப்பக்கம் திருப்பு, அங்க அடிச்சிருக்கிற நம்பரப் பாரு" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"சரி மச்சான், சரி மச்சான்" என்பான். பூம்பூம் மாடு தோற்றது.

எங்களுக்கு ஒரு பெரியவர் வாடிக்கையாளர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அர்பாபுக்குத் தகப்பன் ஸ்தானம். நான் கொடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார், அப்படியே பையில் போட்டுக்கொண்டு போவார். ஹங்கேரியில் செம்மான் வேட்டைக்குப் போக வருடக்கணக்கில் ஆசைப்பட்டு, அந்த ஆண்டு கிளம்பினார். என் கையால் ஒரு 30-06 வாங்கி, இங்கேயே சுட்டுப் பார்த்துச் சரிசெய்தும் வைத்திருந்தார். பயணத்துக்கு முந்தின நாள் தோட்டா வாங்கிவர டிரைவரை அனுப்பினார். நான் அன்றைக்கென்று பார்த்து ஏர்போர்ட் கார்கோவில் சரக்கு எடுக்கப் போயிருந்தேன். கவுன்ட்டரில் மைத்துனன்தான் இருந்தான்.

அந்த வாரம் வந்த புதுச் சரக்கில் கம்பெனிக்காரன் மான் தோட்டா எல்லாவற்றையும் பச்சைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தான். இவன் பச்சையைப் பார்த்தான், எடுத்துக் கொடுத்தான். உள்ளே இருந்தது 308.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை வழக்கம்போல மனைவியோடு பேசினேன். குக்கர் பேச்சை எடுத்தேன். அவள் அதை விட்டுவிட்டு, "ஏங்க, கடையில எல்லாம் நல்லபடியா இருக்கா? அந்தப் பெரியவரு வேட்டைக்குக் கெளம்பிட்டாரா?" என்றாள். என் வேலையைப் பற்றி அவள் ஒருநாளும் இப்படி விசாரித்ததில்லை. இங்கே வரப்போகிறவள், இப்போதே எல்லாம் தெரிந்துகொள்கிறாள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. செம்மான் எவ்வளவு பெரியது, கொம்பு எத்தனை கிளை என்று போன் கார்டு தீரும்வரை அளந்தேன். அவள் உம் கொட்டிக்கொண்டே இருந்தாள்.

பெரியவர் திரும்பி வந்தார். சலாமுக்குப் பதில் சலாம் இல்லை. கவுன்ட்டர் கண்ணாடிமேல் ஒரு காலிக் குப்பியை வைத்தார். வாய் வீங்கி, கழுத்தே இல்லாமல் இருந்தது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், 308 என்று அடித்திருந்தது. மான் வெட்டவெளியில்தான் நின்றதாம். இவர் நெஞ்சைக் குறி பார்த்தாராம், குண்டு வயிற்றில் பட்டதாம். இருட்டும்வரை நாயை விட்டுத் தேடியும் கிடைக்கவில்லையாம். அந்த ஊர் வேட்டைக்காரன் இந்தக் குப்பியைப் பொறுக்கிக் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்து போனானாம். இதை எல்லாம் அவர் நாங்கள் வழக்கமாகப் பேசிக்கொள்ளும் உருதுவில் சொன்னார். "உன்னை நம்பித்தானே பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை" என்றார். ஏச்சு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அர்பாப் வெளியே வந்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் வாயாலேயே சொல்லட்டும், பிறகு நான் அவனுக்காகப் பேசலாம் என்றுதான் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. சரளமான அரபியில், நான் கார்கோவுக்குப் போகுமுன் அந்தப் பெட்டியை எடுத்துவைத்துவிட்டுப் போனதாகவும், தான் அதை டிரைவர் கையில் கொடுத்தது மட்டும்தான் என்றும் சொன்னான். எனக்கு அரபி கொஞ்சம்தான் தெரியும். அந்த அரபி நன்றாகவே புரிந்தது.

"அடப்பாவி! நானாடா எடுத்து வெச்சேன்?" என்று தமிழில் கத்தினேன். கத்தியது யாருக்குப் புரியும்? கோபத்தில் உருதுவும் வரவில்லை, அரபியும் வரவில்லை. தப்பு செய்தவன் பதறுகிறான் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அர்பாப் கையை உயர்த்தி, "கலாஸ்" என்றார். முடிந்தது. பெரியவர் முகத்துக்காக ஒருவனைக் கடையை விட்டு எடுத்தாக வேண்டும், அது நான்தான் என்று ஆயிற்று.

முசாஃபாவில் இருந்த கோடவுனுக்குப் போட்டார்கள். கேம்ப் ரூமில் கட்டிலுக்குமேல் கட்டில். எந்த இடத்திலிருந்து அவனைத் தூக்கிவிட்டேனோ அந்த இடத்துக்கே நான் போய்ச் சேர்ந்தேன். ஃபேமிலி விசாவைப் பற்றி வாயைத் திறந்தபோது, "மாஃபி", இல்லை, என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் அர்பாப்.

மனைவிக்குப் போன் போட்டுக் குமுறினேன். அவளும் என்னோடு சேர்ந்து அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவன் புதுசுங்க, ஊருக்கே ஏத்தி விட்ருப்பாங்க. நீங்க பழைய ஆளு, எப்படியும் சமாளிச்சுக்குவீங்க" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கூடப்பிறந்தவன் பாசம், அவள் என்ன செய்வாள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அவளும்தானே அந்த விசாவை இழந்தாள், பாவம் என்று அவளுக்காகவும் வருத்தப்பட்டேன்.

மாடி ஷோரூம் திறந்தது. அவன்தான் பொறுப்பு. ஃப்ளாட் அவனுக்கு, ஃபேமிலி விசா அவன் பெண்டாட்டிக்கு. அதற்கப்புறமும் வெட்கம் மானம் இல்லாமல் கோடவுனுக்குப் போன் போட்டு என்னிடமே சந்தேகம் கேட்பான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லித்தொலைப்பேன். எங்கேயோ இருக்கிற ஒரு மான் வயிற்றில் குண்டை வாங்கிக்கொண்டு ஓட வேண்டாமே என்றுதான்.

அப்படி ஒருநாள் கூப்பிட்டான். "மச்சான், ஸ்காட்லாந்துக்குப் போற பார்ட்டி கீழ நிக்கிறாரு. வெள்ளாடு உசரத்துல ஒரு மானாம். அதுக்கு எதக் குடுக்கணும்?"

"243. அடிப்பக்கம் திருப்பி நம்பரப் பாத்துக் குடு. மறுபடியும் பச்சையப் பாத்துக் குடுத்துத் தொலைக்காத."

அவனுக்குச் சுருக்கென்றது போல. "இன்னும் எத்தன நாளைக்குக் குத்திக்காட்டுவீங்க? நான் வேணும்னா செஞ்சேன்? நீங்க கார்கோ போன அன்னிக்குச் சாயங்காலம் அலமாரிய அடுக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பதறிப்போயி அப்பவே அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். அக்காதான், உன் மச்சான் கோவக்காரரு, தெரிஞ்சா உன்னக் கொன்னே போட்ருவாரு, யார்கிட்டயும் மூச்சு விடாதன்னுச்சு."

பெரியவர் மறுநாள்தான் விமானம் ஏறினார். அந்தச் சாயங்காலம் யாராவது ஒருவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பஸ் பிடித்துப் போய்ப் பெட்டியை மாற்றிக் கொடுத்திருப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் காவாக் காபி கொடுத்து அனுப்பியிருப்பார். விஷயம் அதோடு போயிருக்கும்.

"மச்சான், லைன்ல இருக்கீங்களா?" என்றான். வைத்துவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தாலும் கார்டைச் சுரண்டி வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவிதான் எடுத்தாள். பின்னால் மகள் சத்தம் போட்டு வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு, பெரியவரு கெளம்பிட்டாரான்னு கேட்டியே. எதுக்குக் கேட்ட?" என்றேன்.

மகளின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில், "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.