வாடையில்லாத புகை

எங்கள் தாய்ப்பன்றி பருவத்துக்கு வந்து, காலையிலிருந்து கொட்டிலை முட்டிக்கொண்டே நின்றது. கருவூட்டலுக்கான உறைவிந்தை வாங்க நானும் கணவரும் கள்ளிக்காட்டுக்குப் போய், அதை உறைநிலையில் வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் கேனோடு காரில் திரும்பிக்கொண்டிருந்தோம்.

பன்றிகளுக்கு ஹோட்டல் மிச்சம் ஏற்றும் கார் அது. வாடைக்கு வழியில் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கண்ணாடியை இறக்கவே மாட்டோம்.

காரக்கோணம் தாண்டிய வளைவில், பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த கேன் சரிந்து, காலடியில் வெள்ளைப் புகை பரவியது. கேனை நிமிர்த்தினேன். புகைக்கு மணமே இல்லை, அதனால் பயமும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில், காரை ஓட்டிக்கொண்டிருந்த கணவர், "தல கறங்குது மக்கா" என்றார்.

"இப்ப நிறுத்தண்டாம், பருவம் தப்பிரும்" என்றேன்.

கார் ஓடைப் பக்கம் ஒதுங்கியபோதுதான் எனக்கும் கண் இருட்டியது. "கண்ணாடியத் தாத்துங்க" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தேன். அவர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

கருவூட்ட வந்தவர் நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "அடைச்ச வண்டியில அந்தப் புகை நல்ல காத்த இல்லாம ஆக்கிரும். மூச்சு முட்டிச் செத்துப் போற கேஸாக்கும் இது."

இப்போது கேன் திறந்த ஆட்டோவில்தான் வருகிறது. எங்கள் கார்க் கண்ணாடியும் இறங்கியே இருக்கிறது. மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்திக்கொள்ளட்டும்.